மெட்ரோல இறங்கியாச்சு... வெளியே உட்கார இடம் இருக்கா?

ஃப்ரெண்டுக்காக மெட்ரோ ஸ்டேஷன் வாசல்ல காத்திருந்திருக்கீங்களா? 'அஞ்சு நிமிஷத்துல வந்துடுறேன்'னு மெசேஜ் வரும். அது அரை மணி நேரம் ஆகும்னு உங்களுக்கும் தெரியும். உள்ளே ஏ.சி, எஸ்கலேட்டர், பளபளன்னு தரை. வெளியே வந்தா ஒரு பக்கம் பைக் வரிசை, இன்னொரு பக்கம் ஆட்டோ, நடுவுல நீங்க. சுவரில் சாய்ந்தபடி மொபைலை நோண்டுவீர்கள். இல்லையென்றால், உட்காரணும்கிற ஒரே காரணத்துக்காகக் காபி வாங்குவீர்கள்.

'இதெல்லாம் ஒரு பிரச்னையா பாஸ்?' என்று தோன்றலாம். ஆனால், சென்னை சீக்கிரமே எடுக்கவேண்டிய ஒரு பெரிய முடிவு இதற்குள் இருக்கிறது.

தடுப்புகளை எடுத்த பிறகு?

சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டம் மொத்தம் 118.9 கிலோமீட்டர், மூன்று வழித்தடங்கள். திட்ட மதிப்பு 63,246 கோடி ரூபாய். மாதவரம், பூந்தமல்லி, சோழிங்கநல்லூர், சிறுசேரி எனப் பல பகுதிகளுக்கு ரயில் போகப்போகிறது. இதற்காகத்தான் பல சாலைகளில் வருடக்கணக்கில் தகரத் தடுப்பு, டைவர்ஷன், தூசி எல்லாவற்றையும் சகித்துக்கொண்டிருக்கிறோம்.

வேலை முடிந்ததும் தடுப்புகளை எடுப்பார்கள். ஸ்டேஷன் வாசலைச் சுற்றி இருக்கும் இடம் மறுபடியும் நகரத்துக்குக் கிடைக்கும். அதை யாருக்குக் கொடுப்பது? யாரும் கேட்கவில்லை என்றால், வழக்கம்போல வண்டிகளுக்குத்தான் போகும். சாலை கொஞ்சம் அகலமாகும், மிச்சத்தில் பார்க்கிங் வரும், நடப்பவர்களுக்கு ஓரமாக ஒரு பட்டை கிடைக்கும்.

நம்ம ஊர்களுக்குப் பொதுச் சதுக்கம் ஒன்றும் புதுசு இல்லை. தேரடி, குளத்தங்கரை, ஆலமரத்தடி எல்லாம் அதுதான். தேரடியில் உட்கார்ந்து கதை பேசுபவரிடம் 'என்ன வாங்கினீங்க?' என்று யாரும் கேட்பதில்லை. ஸ்டேஷன் வாசலுக்கும் அதே அளவுகோலை வைத்துப் பாருங்கள்: பைசா செலவில்லாமல், பயமில்லாமல், வெயில்படாமல் அரை மணி நேரம் அங்கே இருக்க முடியுமா?

கத்திப்பாரா சொல்வது என்ன?

2008-ல் திறக்கப்பட்ட கத்திப்பாரா மேம்பாலத்தின் வளைவுகளுக்கு நடுவே பெரிய காலி இடம் இருந்தது. ஆலந்தூர் மெட்ரோவும் பக்கத்தில்தான். அந்த இடத்தைச் 'சதுக்கம்' ஆக்கி, 2021 டிசம்பரில் முதல்வர் ஸ்டாலின் திறந்துவைத்தார். உணவுக் கடைகள், குழந்தைகள் விளையாடும் பகுதி, பஸ் நிற்கும் இடம் என ஒரு பாலத்தடியை இப்படி மாற்றியது உண்மையிலேயே நல்ல யோசனை.

ஆனால், அதைச் சுற்றி நிற்காமல் ஓடுகிற வண்டிகளையும் கணக்கில் எடுக்க வேண்டும். அண்ணா சாலை, ஜி.எஸ்.டி சாலை, உள்வட்டச் சாலை, பூந்தமல்லி சாலை எல்லாம் கூடுகிற முனை அது. இப்படி ஓர் இடத்தில், ஒரு பாட்டியும் பேத்தியும் நடந்தே பாதுகாப்பாக வந்து சேர முடியுமா என்பதுதான் முதல் கேள்வி. உள்ளே எத்தனை கடை என்பதெல்லாம் அப்புறம். காரில் வருபவர்களுக்கு மட்டும் எளிதாக இருந்தால், அது இன்னொரு ஃபுட் கோர்ட்தான்.

சென்ட்ரலில் காத்திருப்பவர்கள் யார்?

சென்ட்ரல் ரயில் நிலையம் 1873-ல் கட்டப்பட்டது. பக்கத்தில் 1913-ல் திறக்கப்பட்ட ரிப்பன் மாளிகை. எதிரே அரசுப் பொது மருத்துவமனை. 2018 மே மாதம் இங்கே மெட்ரோவும் வந்தது. இரண்டு மெட்ரோ வழித்தடங்கள் சந்திக்கும் இடம் இது. தரைக்கு மேலே 'சென்ட்ரல் சதுக்கம்' உருவாகியிருக்கிறது. அதோடு 27 மாடி வணிகக் கோபுரமும் திட்டத்தில் இருக்கிறது.

இங்கே யாரெல்லாம் வருவார்கள் என்று யோசியுங்கள். ஜி.ஹெச்-ல் அட்மிட் ஆனவருக்குத் துணைக்கு வந்தவர், ராத்திரி ரயிலுக்கு மதியமே வந்துவிட்ட வெளிமாநிலத் தொழிலாளி, இன்டர்வியூ முடித்துக் காட்பாடி ரயிலுக்குக் காத்திருக்கும் பெண். இவர்களுக்குச் சதுக்கம்தான் வெயிட்டிங் ஹால். இவர்கள் கேட்பது ஃபவுன்டனும் செல்ஃபி பாயின்ட்டும் இல்லை. மதியம் ஒரு மணிக்கு நிழல், குடிதண்ணீர், சுத்தமான டாய்லெட், மலிவான சாப்பாடு. நாளை அந்தக் கோபுரத்துக்கு ஐ.டி கார்டு மாட்டிக்கொண்டு வருபவர்களுக்கு இருக்கும் அதே உரிமை இவர்களுக்கும் இருக்க வேண்டும்.

நியூயார்க் கற்ற பாடம்

1961-ல் நியூயார்க் நகரம் ஒரு விதி கொண்டுவந்தது. கட்டடத்துக்கு முன்னால் பொதுமக்களுக்குத் திறந்தவெளி விட்டால், கூடுதல் மாடிகள் கட்டிக்கொள்ளலாம். பில்டர்கள் போட்டி போட்டு இடம் விட்டார்கள். ஆனால், அவற்றில் பல காலியாகவே கிடந்தன. வில்லியம் ஹெச்.வைட் என்பவர் கேமராவை வைத்து மக்களைக் கவனித்தார். அவர் கண்டுபிடித்தது ரொம்ப சிம்பிள்: உட்கார இடம் இருக்கும் இடத்தில்தான் மக்கள் உட்காருகிறார்கள்! 1975-ல் அந்த நகரம் விதியைத் திருத்தி, இருக்கைகளைக் கட்டாயமாக்கியது.

'பெஞ்ச் போட்டா அங்கேயே படுத்துடுவாங்க' என்று இங்கே ஒரு பயம் உண்டு. அதனால் பெஞ்சே போடாமல் விடுவது, புல்வெளிக்கு வேலி கட்டுவது என்று போய்விடுகிறது. இதில் தண்டனை எல்லோருக்கும்தான். ஒரு இடம் பத்திரமாக இருக்க வேண்டுமென்றால், அங்கே நிறைய பேர் இருக்க வேண்டும். ராத்திரி ஒன்பது மணிக்குத் தனியாக இறங்கும் பெண்ணுக்கு, விளக்கு போட்ட ஒரு சுண்டல் வண்டியும் டீக்கடையும் தரும் தைரியத்தை சிசிடிவி தந்துவிடாது.

அந்தச் சுண்டல் வண்டிக்காரரைத்தான் 'அழகுபடுத்துகிறோம்' என்று முதலில் விரட்டுவார்கள். 2014-ல் வந்த சாலையோர வியாபாரிகள் சட்டம், அவர்களைக் கணக்கெடுத்து இடம் ஒதுக்கச் சொல்கிறது. வரைபடம் போடும்போதே தள்ளுவண்டிக்கு ஓர் இடம் குறித்துவிட்டால், பிறகு விரட்டவும் வேண்டாம், வழி அடைக்கிறது என்று புலம்பவும் வேண்டாம்.

டிக்கெட் வருமானத்தை மட்டும் வைத்து மெட்ரோ ஓடாது, கடை வாடகையும் வேண்டும் என்பது நியாயமான வாதம்தான். கடை வரட்டும். ஆனால், கடைக்கு முன்னாலும் ஓசியில் உட்கார இடம் இருக்கட்டும்.

நீங்க செக் பண்ணலாம்

அடுத்த முறை எந்த ஸ்டேஷனில் இறங்கினாலும் இதைப் பாருங்கள்.

* வாசலிலிருந்து பஸ் ஸ்டாப்புக்கு, சாலையில் இறங்காமல் போக முடிகிறதா?
* காசு கொடுக்காமல் உட்கார இடம் இருக்கிறதா? அங்கே மதியம் நிழல் விழுகிறதா?
* வீல்சேரில் வருபவர் யார் உதவியும் இல்லாமல் சதுக்கத்துக்குள் வர முடியுமா?
* தண்ணீரும் டாய்லெட்டும் டிக்கெட் கேட்டுக்கு வெளியேயும் இருக்கிறதா?
* ராத்திரி ஒன்பது மணிக்கு அங்கே வெளிச்சமும் ஆட்களும் இருக்கிறார்களா?

உங்கள் ஏரியாவில் மெட்ரோ வேலை நடக்கிறதா? ஏரியா சபைக் கூட்டத்திலோ, கவுன்சிலரிடமோ இப்போதே கேளுங்கள்: 'தடுப்பை எடுத்த பிறகு, இந்த இடத்துல என்ன வரப்போகுது?' கான்கிரீட் போட்ட பிறகு கேட்டால், 'அடுத்த திட்டத்துல பாத்துக்கலாம்' என்றுதான் பதில் வரும்.