காலியாக விடப்படும் பெட்டி

இணையதளம் அமைக்க உதவும் வேர்ட்பிரஸில் ஒரு படத்தை ஏற்றினால், பக்கத்திலேயே அதைச் சொற்களில் விவரிக்கும் 'மாற்று உரை' கேட்டு ஒரு பெட்டி இருக்கும். பலர் அதைக் காலியாகவே விட்டுவிடுகிறார்கள். பார்வையற்றவரின் கணினியில் திரைவாசிப்பான் அந்தப் படத்தைப் பற்றி எதுவும் சொல்லாமலே நகர்ந்துவிடும். தீபாவளி வாழ்த்துப் படமென்றால் போகட்டும். தேர்வு அட்டவணையே படமாக இருந்தால்?

கருவி மீதும் தவறுண்டு. 2018 டிசம்பரில் வேர்ட்பிரஸ் 5.0 கொண்டுவந்த புதிய எடிட்டர், கீபோர்டை மட்டுமே நம்பியிருப்பவர்களைத் திணறடித்தது. அடுத்த ஆண்டு வெளியான தணிக்கை அறிக்கை அதில் 91 அணுகல் குறைகளைப் பட்டியலிட்டது.

டிஜிட்டல் அணுகல் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. இணையதளத்துக்கு டெண்டர் விடும் அலுவலகங்கள், மௌஸைத் தொடாமல் படிவத்தை நிரப்பிக் காட்டினால்தான் பணம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதட்டும்.