நிலவியல் ஆய்வு அறிக்கையை விவசாயி ஏன் படிக்க வேண்டும்?

மேலூர் வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கத்தை எதிர்த்து விவசாயிகள் திரண்டதும், 2025 ஜனவரி 23 அன்று நாயக்கர்பட்டி தொகுதியின் ஏலத்தை மத்திய அரசு ரத்து செய்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். அந்தத் தொகுதியின் பரப்பு 2,015 ஹெக்டேர், ஏறக்குறைய 5,000 ஏக்கர். அரிட்டாபட்டி பல்லுயிர்ப் பாரம்பரியத் தலத்தின் ஒரு பகுதியும் அதற்குள் வந்தது. போராட்டம் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. நான் கேட்பது வேறு. 5,000 ஏக்கருக்கு எல்லைக்கோடு போடும் அளவுக்கு ஒரு அலுவலகத்தில் தகவல் சேர்ந்திருந்தது. பெரும்பாலான விவசாயிகளுக்கு அது ஏல முடிவு வெளியான பிறகுதான் தெரிந்தது. ஏன்?

அந்தத் தகவலைச் சேர்ப்பது இந்தியப் புவியியல் ஆய்வு மையம். 1851இல் தொடங்கப்பட்டது, தலைமையகம் கொல்கத்தா. ஒவ்வொரு ஆண்டும் எந்த மாநிலத்தில், எந்தப் பகுதியில், என்ன தேடுவது என்று இந்த மையம் ஒரு களப்பணித் திட்டம் போடுகிறது. மத்திய நிலவியல் திட்டக் குழுமத்தின் கூட்டத்தில் அது விவாதிக்கப்படுகிறது. மாநில அரசுகளின் சுரங்கத் துறைகளும் கனிம நிறுவனங்களும் தங்களுக்கு என்ன வேண்டும் என்று அங்கே சொல்கின்றன. இப்போது அதிக முக்கியத்துவம் பெறுவது டங்ஸ்டன், லித்தியம், கிராஃபைட் போன்ற முக்கியக் கனிமங்கள். 2023இல் சுரங்கச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, இப்படிப்பட்ட 24 கனிமங்களை ஏலம் விடும் அதிகாரம் மத்திய அரசிடம் இருக்கிறது.

கனிம ஆய்வில் நான்கு படிகள் உண்டு: ஜி4, ஜி3, ஜி2, ஜி1. ஜி4 என்பது முதல் பார்வை. ஆய்வாளர்கள் நடந்து பார்ப்பார்கள், பாறைத் துண்டும் ஓடை மண்ணும் எடுப்பார்கள், சில இடங்களில் குழி தோண்டுவார்கள். ஜி1 முழுமையான ஆய்வு. பலரும் நினைப்பது, ஜி1 வரை போனால்தான் ஏலம் என்று. அப்படியில்லை. 2021இல் விதிகள் மாறின. ஜி4 அளவிலான தகவலை வைத்தே கூட்டு உரிமத்துக்கு ஏலம் விடலாம். ஏலம் எடுத்தவர் மேற்கொண்டு ஆய்வு செய்து, பிறகு சுரங்கக் குத்தகை பெறுவார். நாயக்கர்பட்டி ஏலமும் கூட்டு உரிமத்துக்குத்தான். ஆகவே உங்கள் ஊர் ஓடையில் யாரோ மண் அள்ளிப் பையில் கட்டுகிறார்கள் என்றால் நாளையே சுரங்கம் வந்துவிடாது. பெரும்பாலான ஆய்வுகள் முதல் படியிலேயே நின்றுவிடும். ஆனால் கேள்வி கேட்கத் தொடங்க வேண்டிய நேரம் அதுதான்.

இந்த மையத்தின் வேலை கனிமத்தோடு முடிவதில்லை. விவசாயத்துக்கு நேரடியாக உதவக்கூடிய ஒன்று, தேசிய புவிவேதியியல் வரைபடத் திட்டம். நிலத்தை 2 கி.மீ.க்கு 2 கி.மீ. கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஓடைப் படிவு எடுத்து, 60க்கும் மேற்பட்ட தனிமங்களை அளக்கிறார்கள். துத்தநாகம், நிக்கல், குரோமியம், ஃபுளோரின் எல்லாம் அதில் வரும்.

இதைப் பார்த்து உர சிபாரிசு எழுதிவிடாதீர்கள் என்று விரிவாக்கப் பணியாளர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கட்டம் என்பது 4 சதுர கி.மீ., கிட்டத்தட்ட ஆயிரம் ஏக்கர். அதற்குள் செம்மண்ணும் இருக்கும், கரிசலும் இருக்கும். மண்வள அட்டைக்கு இறவையில் இரண்டரை ஹெக்டேருக்கு ஒன்று, மானாவாரியில் 10 ஹெக்டேருக்கு ஒன்று என்று மாதிரி எடுத்ததோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இன்னொரு சிக்கலும் உண்டு. வரைபடம் காட்டுவது மொத்த அளவு. துத்தநாகம் 70 பிபிஎம் என்று அதில் இருக்கலாம். அதே இடத்து வயல் மண்ணை டிடிபிஏ கரைசலில் சோதித்தால், பயிர் எடுத்துக்கொள்ளக்கூடிய துத்தநாகம் 1 பிபிஎம்கூட இருக்காது. நம் மாநிலத்தில் 1.2 பிபிஎம்முக்குக் கீழே போனாலே பற்றாக்குறை. பாறைக்குள் பூட்டியிருக்கும் சத்து நெல்லின் வேருக்குக் கிடைக்காது.

பிறகு எதற்கு இது? மண் பரிசோதனை வழக்கமாகக் கேட்காத கேள்விகளுக்கு. தருமபுரி, கிருஷ்ணகிரி கிணறுகளில் ஃபுளோரைடு அதிகம் என்பது தெரிந்த செய்தி. கிரானைட், நைஸ் பாறைகளில் உள்ள அபடைட், பயோடைட் போன்ற கனிமங்களிலிருந்து அது நீரில் கரைகிறது. குடிநீருக்கு அனுமதிக்கப்படும் உச்ச அளவு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். எந்தப் பாறை எங்கே ஓடுகிறது என்ற வரைபடம் இருந்தால், எந்த ஊர் ஆழ்துளைக் கிணறுகளை முதலில் சோதிக்க வேண்டும் என்று தெரியும். கறவை மாடு வைத்திருப்பவர்களுக்கும் இது தேவை. சேலம் வெள்ளைக்கல் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்குள்ள பாறையில் மக்னீசியமும் நிக்கலும் குரோமியமும் இயல்பாகவே அதிகம். அந்தப் பாறையிலிருந்து உருவான மண்ணில் கால்சியத்துக்கும் மக்னீசியத்துக்கும் உள்ள விகிதத்தைப் பார்க்காமல், தழை, மணி, சாம்பல் சத்தை மட்டும் கணக்கிடுவது பாதி வேலைதான்.

போர் போட இடம் காட்டச் சொல்லி இந்த மையத்துக்கு எழுதலாமா என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. நிலத்தடி நீர் பிரிவு 1972இலேயே அங்கிருந்து பிரிந்து மத்திய நிலத்தடி நீர் வாரியத்தோடு சேர்ந்துவிட்டது. கதவு மாறித் தட்டாதீர்கள்.

நீலகிரி விவசாயிகளுக்கு வேறொரு கணக்கு. 2024 ஜூலையில் கொல்கத்தாவில் தேசிய நிலச்சரிவு முன்னறிவிப்பு மையம் தொடங்கப்பட்டது. முதலில் முன்னறிவிப்பு கிடைத்த மாவட்டங்களில் நீலகிரியும் ஒன்று. பூஸ்கலன் என்ற கைபேசிச் செயலியும் வந்திருக்கிறது. அது வட்டாரத்துக்கான எச்சரிக்கை. உங்கள் கேரட் பாத்திக்கு மேலே உள்ள மண்சுவரைப் பற்றி அது எதுவும் சொல்லாது. அதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

மையத்தின் வரைபடங்கள் பலவும் பூகோஷ் இணையதளத்தில் கிடைக்கின்றன. 2023 டிசம்பரில் தேசிய புவி அறிவியல் தரவுக் களஞ்சியமும் திறக்கப்பட்டது. எல்லாம் ஆங்கிலத்தில், அதுவும் நிலவியலாளர் ஆங்கிலத்தில். சுரங்க முதலீட்டாளர் படிக்க வசதியாக இருக்கிறது, கிராமத்தில் படிக்க ஆளில்லை. தமிழில் வட்டாரவாரியாக நான்கு பக்கச் சுருக்கம் போடுவது பெரிய செலவு பிடிக்கும் வேலையல்ல. வேளாண் துறையே இதைச் செய்யலாம்.

மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கனிம வளத் துறை அலுவலரும் இருந்தால் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். இந்த ஆண்டுக் களப்பணித் திட்டத்தில் நம் மாவட்டத்தின் எந்தெந்த வருவாய்க் கிராமங்கள் வருகின்றன? ஆய்வு எந்தப் படியில் இருக்கிறது? பதிலை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அடுத்த ஆண்டுத் திட்டத்துக்கு மாநிலம் கோரிக்கை அனுப்பும் முன், உங்கள் வட்டாரத்தின் ஃபுளோரைடு, உவர் பிரச்சினைகளையும் சேர்க்கச் சொல்லி ஆட்சியரிடம் மனு கொடுங்கள்.