எட்டு போட்ட கைக்கு 390 எதற்கு?

100 சிசி வண்டியில் எட்டு போட்டு லைசென்ஸ் வாங்கியவன் மறுநாளே 390 டியூக் ஓட்டலாம். கியர் வண்டி என்றால் இங்கே எல்லாவற்றுக்கும் ஒரே லைசென்ஸ்தான். பிரிட்டனில் 18 வயதுக்காரனுக்கு 125 சிசிக்கு மேல் கிடையாது. சட்டம் தடுக்காததை அப்பா தடுக்கலாம். அவரோ இஎம்ஐ கட்டுகிறார்!

ஸ்பிளெண்டருக்கு சுமார் 8 குதிரைத்திறன், 390க்கு நாற்பதுக்கும் மேல். பள்ளத்தைக் கண்டு பதறிய கை ஆக்ஸிலரேட்டரைச் சற்று அதிகமாக முறுக்கினால் ஸ்பிளெண்டர் உறுமும், அவ்வளவுதான். டியூக் நேராக முன்னால் நிற்கும் பஸ்ஸுக்கே ஆளைக் கொண்டுபோய் விடும். (கேட்டால் "கன்ட்ரோல் இருக்கு மச்சி" என்பார்கள்.)

ஸ்பிளெண்டரை "அங்கிள் வண்டி" என்று கேன்டீனில் சிரிப்பார்களாம். சரி, 150 சிசி வாங்கட்டுமே? 2019 ஏப்ரல் முதல் 125 சிசியைத் தாண்டிய புது வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம். மழையில் பதறி பிரேக் பிடித்தாலும் முன்சக்கரம் பூட்டிக்கொள்ளாது. மிச்சப் பணத்தில் நல்ல ஹெல்மெட் இரண்டு வாங்கலாம், பின்னால் உட்காருபவனுக்கும் சேர்த்து.