தவிலுக்கு அஞ்சாத ரெக்கார்டர்

ஆறு பேர் சேர்ந்து இரண்டு மணி நேரம் ஒத்திகை பார்த்துவிட்டு வெளியே வந்தால், ஆறு பேர் மனத்திலும் ஆறு விதமான ஒத்திகை இருக்கும். டிரம்ஸ்காரருக்குப் பாட்டு இழுத்துக்கொண்டே போனது போலத் தோன்றும். கீபோர்டுக்காரர் தம் இடையிசை அருமையாக விழுந்தது என்பார். பாடியவருக்குத் தம் குரலே காதில் விழுந்திருக்காது. அடுத்த வாரமும் அதே பாட்டு, அதே இடத்தில் அதே தடுமாற்றம். "நீதான் முந்திட்டே", "நான் எங்க முந்தினேன், நீ இழுத்தே" என்று அதே சண்டை. கல்யாண விருந்து, கோயில் திருவிழா, தீபாவளி திறந்த இல்ல உபசரிப்பு என்று வார இறுதிகளில் வாசிக்கும் நம் குழுக்கள் பலவும் இப்படித்தான் காலம் தள்ளுகின்றன.

கிள்ளானிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "எங்கள் குழுவில் ஐந்து பேர். டிரம்ஸ், பேஸ் கிட்டார், கீபோர்டு, இரண்டு பாடகர்கள். ஒத்திகையைப் பதிவு செய்ய 500 ரிங்கிட்டுக்குள் ஒரு ரெக்கார்டர் வாங்கலாமா, இல்லை கைப்பேசியே போதுமா?"

கைப்பேசி போதுமா என்பதை இந்த வாரமே நீங்கள் சோதித்துப் பார்க்கலாம். அறையின் நடுவில் வைத்து, உங்களிடம் இருப்பதிலேயே சத்தமான பாட்டை வாசித்துப் பதிவு செய்யுங்கள். திரும்பக் கேட்கும்போது, டிரம்ஸ் விழும் ஒவ்வொரு முறையும் பாடகரின் குரல் உள்ளே அமுங்கி, பிறகு மெல்ல மேலே வருகிறதா என்று கவனியுங்கள். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். கைப்பேசி மனிதர் பேசுவதற்காகச் செய்யப்பட்டது. சத்தம் கூடினால் தானாகவே அளவைக் குறைக்கும், குறைந்தால் தானாகவே கூட்டும். பேச்சு அல்லாத ஒலியை இரைச்சல் என்று எண்ணி வடிகட்டவும் பார்க்கும். தாளத்தைக் குறித்துக்கொள்ளவும் புது மெட்டு மறந்துபோகாமல் இருக்கவும் அது போதும். யார் சத்தமாக வாசிக்கிறார், யார் குரல் அடிபடுகிறது என்று தீர்ப்புச் சொல்ல அதை நம்ப முடியாது. எல்லாரையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிட்ட பிறகு அதில் என்ன தெரியும்?

ரெக்கார்டர் வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் சொல்வது 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் போன்ற எண்களை. ஒத்திகைக்கு அவை முக்கியமல்ல. சாதாரண சிடி 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட்தான். அதில் நாம் குறை கண்டதில்லை. நீங்கள் தேட வேண்டிய எண் வேறு. விவரத்தாளில் 'அதிகபட்ச ஒலி அழுத்தம்' என்று டெசிபலில் ஒரு அளவு போட்டிருப்பார்கள். கருவியில் உள்ள மைக் எவ்வளவு சத்தம் வரை உடையாமல் தாங்கும் என்பது அந்த எண். சிறிய அறையில் டிரம்ஸ் வாசித்தால் 100 டெசிபலைச் சாதாரணமாகத் தாண்டும். ஸ்னேர் டிரம்முக்குப் பக்கத்தில் ஒரு நொடி உச்சம் 120-ஐயும் தாண்டிவிடும். மைக் தாங்காத சத்தம் உள்ளே போனால் அலையின் தலை வெட்டுப்பட்டு 'கரகர' என்று பதிவாகும். வெட்டுப்பட்டதைப் பிறகு எந்த மென்பொருளாலும் முழுமையாக மீட்க முடியாது.

இப்போது பல கருவிகளில் '32 பிட் ஃப்ளோட்' என்று பெரிதாக எழுதியிருக்கிறது. நல்ல வசதி. பதிவின் அளவை முன்கூட்டியே திருகிச் சரிபார்க்கத் தேவையில்லை. மிக மெல்லியதும் மிக உரத்ததும் ஒரே கோப்பில் அடங்கும், பிறகு கணினியில் ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். ஆனால் 'இனி எந்தச் சத்தமும் உடையாது' என்று விளம்பரத்தில் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். ஃப்ளோட் காப்பாற்றுவது கருவியின் கணக்குப் பகுதியை. அதற்கு முன்னால் நிற்கும் மைக்கே திணறினால், திணறிய ஒலியைத்தான் அது அச்சுப் பிசகாமல் பதிவு செய்யும். ஸூம் நிறுவனத்தின் எச்1 எசென்ஷியல், எச்4 எசென்ஷியல் இரண்டும் 2024-இல் வந்தவை, இரண்டிலும் ஃப்ளோட் உண்டு. ஆனால் முதலாவதன் மைக் தாங்குவது 120 டெசிபல், இரண்டாவது 130. (இது கூட்டம் நடத்தும் செயலியின் நிறுவனம் அல்ல. கிட்டார் கருவிகள் செய்யும் ஜப்பானிய நிறுவனம்.) டாஸ்காம் டிஆர்-05எக்ஸ், டிஆர்-07எக்ஸ் இரண்டுக்கும் 125. இவற்றில் ஃப்ளோட் இல்லை; அளவை நீங்களே வைக்க வேண்டும். உரத்த இடத்தை ஒருமுறை வாசித்து, முள் மைனஸ் 12-க்கும் மைனஸ் 6-க்கும் இடையில் நிற்கும்படி வைத்துவிட்டால் போதும். 'ஆட்டோ லெவல்' என்பதை மறக்காமல் அணைத்துவிடுங்கள். அதை விட்டுவைத்தால் கைப்பேசி செய்த வேலையைத்தான் இதுவும் செய்யும்.

இதெல்லாம் ஏன் இவ்வளவு பாடாகச் சொல்கிறேன் என்றால், எனக்குத் தெரிந்த ஒரு குழு இதனால்தான் உடையாமல் தப்பியது. ஊர் பெயர் வேண்டாம். அதில் பாடும் பெண் பகலில் மழலையர் பள்ளி ஆசிரியை. மூன்று மாதமாக ஒவ்வொரு ஒத்திகைக்குப் பிறகும் தொண்டை கட்டிக்கொண்டது. குரல் எடுபடவில்லை என்று மற்றவர்கள் சொல்ல, அவர் இன்னும் கத்திப் பாட, மருத்துவர் இரண்டு வாரம் பேசவே கூடாது என்று சொல்லிவிட்டார். வகுப்பில் பேசாமல் எப்படி இருப்பது? "அண்ணா, எனக்குப் பதிலா வேற ஆளப் பாத்துக்குங்க" என்று கிட்டார்காரரிடம் சொல்லியும் விட்டார். அடுத்த மாதம் கல்யாணம் ஒன்றுக்கு முன்பணம் வாங்கியிருந்தார்கள்.

அந்தச் சமயத்தில் யாரோ இரவல் கொடுத்த ரெக்கார்டரில் ஒரு பழைய ஒத்திகை இருந்தது. போட்டுக் கேட்டார்கள். அவர் குரலில் ஒரு குறையும் இல்லை. அதன் மேல் கிட்டார் ஏறி உட்கார்ந்திருந்தது. கிட்டார் பெட்டி தரையில் இருந்தது. வாசிப்பவர் அதை ஒட்டி நின்றார். ஒலி அவர் முழங்காலைத் தாண்டி நேரே எதிரில் நின்ற பாடகரின் பக்கம் போனது. அவர் காதுக்குக் குறைவாகக் கேட்டதால், கூட்டிக்கொண்டே இருந்தார். "ஏம்மா, இவ்வளவு நாளா இதைச் சொல்லலியே?" என்றாராம். "சொன்னேன் அண்ணா, உங்களுக்குக் கேக்கல" என்றாராம் அவர். பெட்டியை ஒரு நாற்காலி மேல் ஏற்றி, அவர் முகத்தைப் பார்த்துச் சாய்த்து வைத்தார்கள். செலவு ஒன்றும் இல்லை. கல்யாணத்தில் அந்தப் பெண்தான் பாடினார்.

அந்த ரெக்கார்டர் இருந்த இடமும் நல்ல இடம். கருவி எதுவானாலும் வைக்கும் இடம்தான் பாதி வேலை. மேசை மேல் படுக்க வைத்தால் மேசையின் அதிர்வும் சேர்ந்து பதிவாகும். பெட்டியின் மேல் வைத்தால் அந்தப் பெட்டி மட்டும்தான் கேட்கும். ஒரு ஸ்டாண்டில், நிற்கும் ஆளின் காது உயரத்தில், பார்வையாளர் நிற்கக்கூடிய இடத்தில் வையுங்கள். பெரும்பாலான கருவிகளின் அடியில் கேமரா முக்காலிக்கு உரிய திருகு ஓட்டை இருக்கிறது. வீட்டில் தூங்கும் பழைய முக்காலி போதும். பாடகரின் குரல் ஒலிபெருக்கி வழியாகத்தான் வரும் என்பதால், பாடகரின் பக்கம் திருப்பாமல் ஒலிபெருக்கிக்கு நேராகத் திருப்புங்கள். டிரம்ஸிலிருந்து எவ்வளவு தள்ளிப் போக முடியுமோ அவ்வளவு தள்ளிப் போங்கள். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் சத்தம் 6 டெசிபல் குறையும். கடைவீட்டு மாடியில் வாடகைக்கு எடுக்கும் ஜேமிங் அறையில் சுவர்கள் திருப்பி அனுப்புவதால் அவ்வளவு குறையாது. குளிர்சாதனத்தின் காற்று நேரே அடிக்கும் இடமும் வேண்டாம்.

டிஆர்-05எக்ஸில் உள்ள மைக்குகள் எல்லாத் திசையிலிருந்தும் ஒரே மாதிரி வாங்கும். வட்டமாக நின்று வாசிக்கும் குழுவுக்கு அது பொருந்தும். எதிரொலிக்கும் அறையில் எதிரொலியும் சேர்ந்து வரும். ஸூம் எச்1-இல் இரண்டு மைக் குறுக்காக வைத்திருப்பார்கள். முன்னால் இருப்பதை அதிகம் வாங்கும், இடம் வலமும் தெளிவாகப் பிரியும். சிறிய அறைக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

உறுமி மேளக் குழுக்களுக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும். தைப்பூசம் நெருங்க நெருங்க திடலிலும் கோயில் வளாகத்திலும் பயிற்சி நடக்கும். அங்கே சுவர் இல்லை, காற்று உண்டு. மைக்கில் காற்று மோதினால் வரும் 'படபட' சத்தம் தவிலையே மூழ்கடித்துவிடும். நுரை உறை போதாது, முடி வைத்த உறையை வாங்கிப் போடுங்கள். அடுத்தது, பெரும்பாலான ரெக்கார்டர்களில் 'லோ கட்' என்று ஒரு விசை இருக்கும். காற்றிரைச்சலைக் குறைக்க அதைப் போடச் சொல்வார்கள். உறுமியின் உயிரே வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும்போது எழும் அந்தக் கீழ்க்குரல்தான். லோ கட் போட்டால் முதலில் அடிபடுவது அதுதான். குச்சி விழும் ஓசை மட்டும் மிஞ்சும். எனவே உறை போடுங்கள், விசையைத் தொடாதீர்கள். பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து அடிக்கும்போது சத்தம் டிரம்ஸுக்குச் சற்றும் குறையாது. முன் வரிசையிலிருந்து ஐந்தாறு மீட்டர் தள்ளி வைத்தால்தான் குழுவாகக் கேட்கும்.

மிக்சரிலிருந்து நேராகக் கம்பி இழுத்துப் பதிவு செய்தால் சுத்தமாக இருக்காதா என்று கேட்பீர்கள். சுத்தமாக இருக்கும், ஆனால் மிக்சருக்குள் போவது மட்டும்தான் வரும். சிறிய அறையில் டிரம்ஸுக்கும் தவிலுக்கும் மைக் வைப்பதில்லை. ஆகவே கேட்டால் குரலும் கீபோர்டும் மட்டும் வெறுமையில் மிதக்கும். இரண்டும் வேண்டும் என்றால் எச்4 எசென்ஷியல், டாஸ்காம் டிஆர்-40எக்ஸ் போன்ற, தன் மைக்கோடு இரண்டு எக்ஸ்எல்ஆர் துளைகளும் உள்ள கருவி தேவை. நிகழ்ச்சியைப் பதிவு செய்து வாடிக்கையாளருக்கு மாதிரி அனுப்பும் குழுவுக்கு அந்தக் கூடுதல் செலவு தகும். ஒத்திகைக்கு மட்டும் என்றால் தேவையில்லை.

மின்கலமும் நினைவக அட்டையும் சின்ன விஷயம், ஆனால் ஒத்திகை அங்கேதான் தொலைந்துபோகிறது. பதிவு ஓடும்போதே மின்கலம் செத்தால், கோப்பு சரியாக மூடப்படாமல் போய், சில கருவிகளில் இரண்டு மணி நேரமும் காணாமல் போகும். புது மின்கலம் ஒரு ஜோடி பையிலேயே கிடக்கட்டும், அல்லது யுஎஸ்பி வழியாகப் பவர் பேங்க் கொடுங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 32 பிட் ஃப்ளோட் ஸ்டீரியோ ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1.4 ஜிபி. 32 ஜிபி அட்டையில் இருபது மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும்.

இணையத்தில் வாங்குபவர்கள் உள்ளூர் உத்தரவாதம் உண்டா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். எச்1 எசென்ஷியல் வெளிவந்தபோது அமெரிக்க விலை 100 டாலர், எச்4 200 டாலர். கிள்ளான் வாசகர் சொன்ன தொகைக்குள் அடங்குவது முதல் வகைதான். பழைய கருவி வாங்கினால், கையோடு ஒரு அட்டை கொண்டுபோய் ஒரு நிமிடம் பதிவு செய்து, இரண்டு பக்க மைக்கும் வேலை செய்கிறதா என்று காதணியில் கேளுங்கள். மின்கல அறையில் பச்சைத் துரு இருந்தால் விட்டுவிடுங்கள்.

பதிவு செய்ததை யாராவது கேட்க வேண்டுமே! இரண்டு மணி நேரத்தையும் யாரும் கேட்கமாட்டார்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் தனியாகத் தொடங்கி நிறுத்துங்கள், அன்றிரவே தேதியும் பாட்டின் பெயரும் போட்டு, எம்பி3 ஆக்கி, குழுவின் புலனத்தில் ஆவணமாக அனுப்புங்கள். வேலைக்குப் போகும் வழியில் காரில் கேட்டுவிடலாம். யார் யாரிடம் குறை சொல்வது என்பதற்கும் ஒரு வரைமுறை வைத்துக்கொண்டால் நல்லது. முதல் வாரம் ஒவ்வொருவரும் தம் வாசிப்பைப் பற்றி மட்டும் பேசட்டும். ஒருவர் சுருதி தவறிய இடத்தை வெட்டி முகநூலில் சிரிப்புக்குப் போடுவது மட்டும் கூடவே கூடாது. அதற்குப் பிறகு அவர் மைக் முன்னால் நிம்மதியாகப் பாடமாட்டார்.

ஆக, கிள்ளான் வாசகருக்கு: 120 டெசிபலாவது தாங்கும், இரண்டு மைக் உள்ள சிறிய ரெக்கார்டர் ஒன்று, 32 ஜிபி அட்டை, பழைய முக்காலி. டிரம்ஸிலிருந்து மூன்று மீட்டராவது தள்ளி, ஒலிபெருக்கியைப் பார்த்து. பணம் மிஞ்சினால் ஐந்து பேருக்கும் இசைக்கலைஞர்களுக்கான காதடைப்பான் வாங்குங்கள். 100 டெசிபலில் பாதுகாப்பாக இருக்கக்கூடிய நேரம் ஒரு நாளைக்குக் கால் மணி நேரம்தான் என்று அமெரிக்கப் பணியிட சுகாதார அமைப்பு வரையறுத்திருக்கிறது. உங்கள் ஒத்திகையோ இரண்டு மணி நேரம்.