சூரியனுக்கும் விடுமுறையா?

கதிரவன் மேட ராசியிற் புகும் நாளையே தமிழர் புத்தாண்டெனக் கொண்டாடுகின்றனர். 2025ஆம் ஆண்டிலே அந்நன்னாளை ஒட்டி இலங்கை மின்சார சபையார் ஒரு வேண்டுகோள் விடுத்தனர். ஏப்ரல் 13 முதல் 21 வரை, நாடோறும் பிற்பகல் 3 மணி வரைக்கும், கூரைமீது சூரிய மின்தகடு பொருத்தியோர் யாவரும் அவற்றை நிறுத்தி வைத்தல் வேண்டுமாம்! முற்றத்திற் பொங்கலிட்டுக் கதிரவனைக் கும்பிட்ட கையாலேயே, கூரைக்கு வந்த கதிரவனைத் திருப்பி அனுப்புமாறு கேட்டனர்.

காரணம் இல்லாமலில்லை. விடுமுறையிலே தொழிற்சாலைகள் மூடிக்கிடக்கும், மின்தேவை தாழும், சூரிய மின்சாரம் மிஞ்சும், மின்வலையமைப்பு தள்ளாடும். 2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகலில் நாடெங்கும் மின்சாரம் அற்றுப்போன போது, பாணந்துறை உபநிலையத்திற் புகுந்த குரங்கின்மீது முதலிற் பழி விழுந்தது. பின்னர் அப்பழியிற் பங்கு கூரைகளுக்கும் வந்தது. குரங்கு மறுமொழி கூறாது, கூரைக்காரன் கூறலாமல்லவா? பகலில் மிஞ்சுவதைச் சேமித்து மாலையில் வழங்கும் பெரிய மின்கலங்களை உரிய காலத்தில் நிறுவாதது யார் குற்றம்? 2016இல் ‘சூரிய பல சங்கிராமய’ என்று போர்முரசு கொட்டி மக்களைக் கூரைமேல் ஏற்றியவர்கள் ஆட்சியாளரே. ஏற்றிவிட்டவர்களே இன்று ஏணியை எடுக்கின்றனர்.

இதன் அடி எவர்மேல் விழுகின்றது? யாழ்ப்பாணத்துச் சந்தியொன்றில் உள்ள சிறு சாப்பாட்டுக் கடையை எடுத்துக்கொள்வோம். உழுந்து அரைக்கும் இயந்திரம், குளிர்சாதனப் பெட்டி, மின்விசிறி ஆகியவற்றின் ஓட்டம் பெரும்பகுதியும் பகலிலேதான். 5 கிலோவாட் தகடுகள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 அலகு தரும். வெயிலுக்கும் வேலைக்கும் இதனினும் பொருத்தம் வேறெங்கு உண்டு?

ஆயினும் கட்டண அட்டவணை அக்கடையை எங்கே வைத்திருக்கின்றது பாருங்கள். ஊரார் அதனை ‘ஹோட்டல்’ என்பர். சட்டம் அங்ஙனம் சொல்லாது. சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் அங்கீகாரம் பெற்றதே மின்கட்டணத்துக்கு ஹோட்டலாம். எங்கள் தோசைக் கடை ‘பொது நோக்கம்’ என்னும் வகுப்பிற் கிடக்கின்றது. வெளிநாட்டார் தங்கும் மாளிகை ஓர் அலகுக்குக் கொடுப்பதிலும் கூடிய விலையை, சைக்கிளில் வரும் கூலியாளுக்குச் சோறு போடும் கடை கொடுக்கின்றது. இது எந்த நீதி?

இனி, வாங்கும் விலை. புதிதாக இணைவோரின் மின்சாரத்துக்கு 2022இல் அலகுக்கு 37 ரூபா என்றார்கள். 2024இல் அது 27 ஆயிற்று. 2025இல் 5 கிலோவாட்டுக்கு உட்பட்ட கூரைக்கு 20 ரூபா 90 சதம். தகடுகளின் விலை இறங்கியது மெய்யே; அதனை மறுப்பது நேர்மையன்று. ஆனால் 37 ரூபாவுக்கு ஒப்பந்தம் எழுதியவர்கள் முதல் உடையவர்கள். போரில் எரிந்த கடையை மீள எழுப்பி, கடன் அடைத்து, பிந்தி வந்தவனுக்கே குறைந்த விலை வாய்த்தது.

இன்னொன்றும் அறிய வேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு நடந்தது. அப்போது வெயில் குறையவில்லை. எனினும் மின்கலம் இல்லாத கூரைகள் பயன்படவில்லை. கம்பியில் வேலை செய்வோர் உயிர் காக்கும்பொருட்டு, பொது மின்சாரம் நின்றதும் அத்தகடுகளும் நின்றுவிடும். ஆதலால் தகடு விற்க வருபவரிடம் மின்கலத்தைப் பற்றியே முதலிற் கேட்க வேண்டும். மாலை உச்ச நேரத்தில் மின்கலத்திலிருந்து கொடுப்பதற்கு 2025இல் 45 ரூபா 80 சதம் அறிவித்தார்கள். நல்லது. அம்மின்கலத்துக்கு முதல் எங்கே?

கமக்காரர் இதனைக் கடைக்காரர் வழக்கென்று ஒதுக்கலாகாது. சுன்னாகத்தில் எண்ணெய் எரித்த மின்சாரத்துக்கு விலை கொடுத்தவை அவர்கள் கிணறுகளே. 2019இல் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா நட்டஈடு விதித்தது. எண்ணெய் கலந்த நீரைக் குடித்த மண்ணுக்குச் சூரிய மின்சாரத்தில் முன்னுரிமை கேட்பது பிச்சையன்று.

சிறு உணவகங்களுக்கு ஹோட்டற் கட்டணம் வேண்டும். கூட்டுறவுச் சங்கங்கள் வாயிலாக மின்கலத்துக்குக் குறைந்த வட்டிக் கடன் வேண்டும். நிறுத்தச் சொல்லும் நாளுக்கு ஈட்டுத்தொகை வேண்டும். 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டம் மின்சார சபையைக் கூறுபோட வழிவகுத்தது. அதன் இடத்துக்கு எத்தனை கம்பனிகள் வரினும் இக்கோரிக்கைகள் மாறா.

‘மின்மாற்றியில் இடமில்லை’ என்று வாய்மொழியாகச் சொல்லி விண்ணப்பத்தைத் திருப்பினால், கடைக்காரர் பேசாமல் வீடு திரும்ப வேண்டாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், அம்மின்மாற்றியின் கொள்ளளவு எவ்வளவு, அதில் ஏற்கெனவே எத்தனை கிலோவாட் இணைந்துள்ளது என்று எழுத்திற் கேளுங்கள். 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். வந்த மறுமொழியைச் சங்கக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். மேன்முறையீட்டை அங்கிருந்து எழுதுவோம்.