பறவை பார்ப்போரும் பறவை விரட்டுவோரும்

பறவைகளை நேசிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு, அவற்றை நிம்மதியாக இரை தின்னவும் விடாத ஒரு கூட்டம் நமது நாட்டில் வளர்ந்து வருகிறது. 2009 இல் போர் முடிந்த பின்னர் வன்னிக்கும் அது வந்து சேர்ந்துவிட்டது.

சுண்டிக்குளம் 1938 இல் பறவைகள் சரணாலயமாகவும் 2015 இல் தேசியப் பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்டது. கொக்கிளாய் 1951 இல் சரணாலயமானது. மாரி காலத்தில் பல்லாயிரம் கிலோமீற்றர் கடந்து வரும் பறவைகள் இக்களப்புகளில் இறங்குவது நமது கமராக்களுக்குக் காட்சி கொடுப்பதற்காக அல்ல. திரும்பிப் பறப்பதற்கான கொழுப்பை உடலில் சேர்ப்பதற்காகத்தான்.

ஆனால் நமது படப்பிடிப்பாளர்களுக்குத் தலை கவிழ்ந்து இரை தேடும் பூநாரை போதாது. இறக்கை விரித்தால்தான் உள்ளிருக்கும் செம்மையும் கருமையும் தெரியும். ஆகவே கூச்சலிடுகிறார்கள், கைதட்டுகிறார்கள், ட்ரோனை ஏவுகிறார்கள். பூநாரை நின்ற இடத்திலிருந்து சட்டென எழும்பும் பறவையன்று. நீரில் ஓடி விசை சேர்த்தே எழ வேண்டும். "ஒருமுறை பறந்தால் என்ன குறைந்துவிடும்?" என்று கேட்கிறார்கள். உங்களுக்கு அது ஒருமுறை. உங்களுக்கு முன் ஒரு வான் வந்து போயிருக்கிறது. பின்னால் இன்னொன்று வந்துகொண்டிருக்கிறது.

2021 மே மாதத்தில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், பொல்சா சிக்கா என்ற இடத்தில் ஒரேயொரு ட்ரோன் விழுந்தது. அஞ்சிய ஆலாக்கள் ஏறத்தாழ 1,500 முட்டைகளைக் கைவிட்டுச் சென்றன. குஞ்சு பொரிக்கும் காலத்தில் ஒரு விளையாட்டுப் பொருளால் நேரக்கூடியது இதுதான்.

வன்னி மக்களுக்கு இதைப் பாடம் நடத்திப் புரியவைக்கத் தேவையில்லை. வேவு விமானத்துக்கு "வண்டு" என்று பெயரிட்டு, அதன் இரைச்சல் கேட்டதும் பதுங்குகுழிக்கு ஓடிய மக்கள் அவர்கள். வானத்தில் இரைவது தன்னைக் கொல்ல வந்ததா, வெறுமனே பார்க்க வந்ததா என்று கீழே இருக்கும் உயிருக்குத் தெரியாது.

இதில் இன்னோர் அநீதியும் உண்டு. பூங்கா, சரணாலயம் என்று எல்லைக்கற்கள் நடப்படும்போது தொழிலிடத்தையும் காணியையும் இழந்துவிடுவோமோ என்று அஞ்சுபவர் கடற்றொழிலாளியே. பறவைக்காக அவர் ஒதுங்க வேண்டும். நகரத்திலிருந்து வரும் கனவானோ அதே பறவையைத் துரத்திப் படம் பிடித்து முகநூலில் பாராட்டு வாங்கலாம்! இது என்ன நியாயம்?

படங்களால்தான் மக்களிடம் விழிப்புணர்வு பிறக்கிறது என்பது அவர்களது வாதம். இருக்கலாம். ஆனால் விரட்டி எடுத்த படம் அடுத்தவனுக்கும் விரட்டுவதையே கற்பிக்கிறது.

தமிழகத்தின் சிவகங்கை மாவட்டத்தில், வேட்டங்குடியை அண்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைகள் அஞ்சக்கூடாதென்று தீபாவளிக்கும் வெடி கொளுத்துவதில்லை. பறவை நேசம் என்பது அது. இரை தின்னும் பறவை தலை நிமிர்த்தி உங்களைப் பார்த்தால், நீங்கள் வேண்டிய அளவுக்கு மேல் நெருங்கிவிட்டீர்கள் என்பதே பொருள். அவ்விடத்தில் நில்லுங்கள்; இயலுமானால் பின்வாங்குங்கள். அதற்கு மனமில்லாதவர் தம்மைப் பறவை ஆர்வலர் என்று அழைத்துக்கொள்ள வேண்டாம்.