பின் டயரைப் பெரிதாக்கினால் முன் டயர் என்ன செய்யும்?

2022இல் மேட்டூர் அணை மே 24ஆம் தேதியே திறந்தது. 2024இல் ஜூலை 28 வரை காத்திருந்தோம். தண்ணீர் முந்தினாலும் பிந்தினாலும் டெல்டாவில் நடப்பது ஒன்றுதான். ஊரே ஒரே வாரத்தில் தொளி உழவுக்கு டிராக்டர் தேடும். அந்த நெருக்கடியில் வரப்பேறி இறங்கவும், புதைந்தால் தானே வெளியே வரவும் முடிகிற ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்குத்தான் மதிப்பு. அதனால் டயர்க் கடைகளில் இப்போது அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "சேத்துலயும் இழுக்கணும், ரோட்டுலயும் ஓடணும், அதுக்கேத்த டயரா போடுங்க. பின்னாடி கொஞ்சம் பெருசாவே இருக்கட்டும்."

இதில் கடைசி வாக்கியம்தான் நமக்குக் கவலை தருகிறது.

டூ வீல் டிரைவ் வண்டியில் பின் டயரை ஓர் அளவு கூட்டினால் பெரிய கேடு வராது. ஃபோர் வீல் டிரைவில் முன் அச்சும் பின் அச்சும் பற்சக்கரங்களால் மாறாத விகிதத்தில் கட்டப்பட்டவை. முன் சக்கரத்தின் விளிம்பு வேகம் பின் சக்கரத்தைவிட ஒன்று முதல் ஐந்து சதவீதம் கூடுதலாக இருக்கும்படிதான் தொழிற்சாலையில் டயர் அளவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பட்டறையில் இதை 'லீட்' என்கிறோம். முன் சக்கரம் இழுத்துக்கொண்டே போக வேண்டும். பின் சக்கரம் அதைத் தள்ளத் தொடங்கினால் முன் அச்சு பிரேக்காக மாறிவிடும்.

13.6-28 டயரின் விட்டம் ஏறத்தாழ 1,310 மி.மீ., 14.9-28 டயரின் விட்டம் ஏறத்தாழ 1,365 மி.மீ. வித்தியாசம் 4 சதவீதத்துக்குச் சற்று மேல். வண்டியின் லீட் 3 சதவீதமாக இருந்து, முன் டயரைத் தொடாமல் பின்னால் மட்டும் இந்த மாற்றத்தைச் செய்தால், முந்த வேண்டிய முன் சக்கரம் ஒரு சதவீதம் பிந்திவிடும். பின் டயரைப் புதிதாக மாற்றிவிட்டு, தேய்ந்த முன் டயரை "இன்னும் ஒரு போகம் ஓடும்" என்று விட்டுவைத்தாலும் இதே கதைதான். ஏறத்தாழ ஒரு மீட்டர் விட்டமுள்ள முன் டயரில் பட்டன் 2 செ.மீ. தேய்ந்தால் விட்டத்தில் 4 செ.மீ. போய்விடுகிறது.

சேற்றில் இது தெரியாது. நான்கு சக்கரமும் வழுக்குவதால் வித்தியாசம் அந்த வழுக்கலிலேயே கரைந்துவிடும். மன்னார்குடிப் பக்கத்துக் களியில் இரண்டு போகம் குறையில்லாமல் உழுத வண்டி, ஃபோர் வீல் லீவரை விடுவிக்க மறந்து தார்ச்சாலையில் டிரெய்லர் இழுக்கும்போதுதான் முனகத் தொடங்கும். முன் டயர் சீக்கிரம் மொட்டையாகும், ஃபோர் வீல் லீவர் விடுவிக்க வராமல் இறுகும், முன் அச்சின் பற்சக்கரம் சூடேறும். பழி பெரும்பாலும் டயர் கம்பெனி மீது விழும்.

சோதிப்பது எளிது. சமமான கெட்டித் தரையில், டயர்களில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டு, பின் சக்கரம் பத்துச் சுற்றுச் சுற்றும்வரை மெதுவாக ஓட்டுங்கள். முன் சக்கரம் எத்தனை சுற்று என்று முதலில் ஃபோர் வீலைப் போட்டு எண்ணுங்கள், பிறகு விடுவித்து எண்ணுங்கள். போட்டபோது 15½, விடுவித்தபோது 15 என்றால் லீட் 3.3 சதவீதம், வண்டி நலம். இரண்டும் சமமாக இருந்தாலோ, போட்டபோது குறைந்தாலோ டயரை மாற்றாமல் அந்த வண்டியை அனுப்பாதீர்கள்.

அளவுக்கு அடுத்தது பட்டன். நம் கடைகளில் இருப்பது பெரும்பாலும் ஆர்-1. நெல்லுக்கும் கரும்புக்கும் என்றே வந்த ஆர்-2 வகையில் பட்டன் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆழம். காளத்தூர் வகைக் களிமண்ணில் அதன் பிடிப்பை யாரும் மறுக்க முடியாது. ஆனால் நம் டிராக்டர் வயலிலேயே குடியிருப்பதில்லை. ஊர்விட்டு ஊர் வாடகைக்குப் போகிறது, கொள்முதல் நிலையத்துக்கு மூட்டை ஏற்றுகிறது. தாரில் ஆர்-2 குலுங்கும், வேகமாகத் தேயும். பாரம் இழுக்காத வண்டிக்கு மட்டும் அதைப் பரிந்துரைக்கலாம். மற்றவர்களுக்கு ஆர்-1 டயரும், உழவு நாளில் பக்கவாட்டில் மாட்டும் அரைக் கேஜ் வீலும் போதும். டயரைக் கழற்றிவிட்டு முழுக் கேஜ் மாட்டுகிறவர்கள் அதன் விட்டத்தையும் லீட் கணக்கில் சேர்க்க வேண்டும். எந்தக் கேஜ் வீலோடும் தார்ச்சாலையில் ஏறக் கூடாது என்பதை ஓட்டுநரிடம் ஒவ்வொரு முறையும் சொல்லியாக வேண்டியிருக்கிறது.

ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம் கதை வேறு. 1934இல் வந்த கல்லணைக் கால்வாய்ப் பாசனத்தின் செம்மண்ணும் மணற்பாங்கும் டயரை உரசித் தேய்க்கும். தரை இறுகியது என்பதால் தப்பான லீட் அங்கே சீக்கிரம் பல்லிளிக்கும். அங்கே பட்டன் ஆழத்தைவிட ரப்பரின் உறுதியைப் பாருங்கள்.

டயர் வாங்கும்போது யாரும் கேட்காத கேள்வி, உள்ளே தண்ணீர் இருக்கிறதா என்பது. டிரெய்லர் இழுக்க பாரம் வேண்டுமென்று பின் டயர் ஒவ்வொன்றிலும் நூறு லிட்டருக்கு மேல் நிரப்பிவிட்டு, அப்படியே தொளிக்கு இறக்குகிறார்கள். வயலில் தண்ணீரைத் தேக்கி வைப்பது சேற்றுக்கு அடியிலுள்ள கடினத் தட்டு. அந்தப் பாரம் அதை உடைத்தால் வண்டியும் புதையும், பாய்ச்சிய நீரும் இறங்கும். தொளிக்கு முன் தண்ணீரை வடியுங்கள். காற்றையும் கையேட்டில் வயலுக்கென்று சொன்ன அளவுக்கு, பல வண்டிகளில் அது 12 பி.எஸ்.ஐ. அளவு, இறக்குங்கள். சாலைக்கு வரும்போது மறுபடி ஏற்றியாக வேண்டும். அதற்கு வண்டியிலேயே காற்றளக்கும் கேஜ் ஒன்றும் பம்பும் இருப்பது நல்லது.

மாட்டும் திசையிலும் கவனம் வேண்டும். வண்டி முன்னே போகும்போது வி வடிவப் பட்டனின் கூர்முனை முதலில் தரையைத் தொட வேண்டும். அப்போதுதான் சேறு இருபுறமும் வெளியேறும். பக்கச் சுவரிலுள்ள அம்புக்குறியைப் பார்க்காமல் திருப்பி மாட்டிய டயர்களை இன்றும் பார்க்கிறோம்.

டிராக்டர் நிறுவனங்களிடம் ஒரு கோரிக்கை: முன்-பின் அச்சு விகிதத்தையும் பொருந்தும் டயர் இணைகளையும் தமிழில் அச்சிட்டு மட்கார்டிலேயே ஒட்டுங்கள். விற்பனையாளர்களுக்கு எங்கள் வேண்டுகோள்: அடுத்த குறுவை தொடங்கும் முன், ஃபோர் வீல் வண்டிக்குப் பின் டயர் மட்டும் கேட்டு வருகிறவரிடம் முன் டயரின் அளவையும் தேய்மானத்தையும் பார்க்காமல் பில் போடாதீர்கள்.